374 குதிரைக்குள் இன்னும் எவ்வளவு கையிருப்பு? பி58 எஞ்சினை வைத்து ட்யூனிங் கற்போம்

ஒரு டர்போ காரின் விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறன் அந்த எஞ்சினால் முடிந்த அளவு அல்ல. உத்தரவாதம் கொடுத்து விற்கும் நிறுவனம் அனுமதித்த அளவு. துபாய் வெயிலிலும் நார்வே பனியிலும் அது ஓடவேண்டும், மட்டமான பெட்ரோலை ஊற்றினாலும் உடையக்கூடாது, ஆயில் மாற்றத் தவறும் உரிமையாளரையும் பொறுத்துக்கொள்ளவேண்டும், புகைச் சோதனையிலும் தேறவேண்டும். இவ்வளவுக்கும் சேர்த்து நிறுவனம் ஒரு கையிருப்பை உள்ளே விட்டுவைக்கிறது. ட்யூனிங் பொட்டென்ஷியல் என்று சொல்லப்படுவது இந்தக் கையிருப்பைத்தான். அதில் எவ்வளவு இருக்கிறது, எதை எடுத்தால் எது முதலில் உடையும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தால், புதிதாக வரும் எந்த டர்போ எஞ்சினையும் நீங்களே எடைபோடலாம்.

டர்போ இல்லாத எஞ்சினில் இந்தப் பேச்சுக்கே பெரிய இடமில்லை. காற்று வளிமண்டல அழுத்தத்தில் தானாக வருகிறது. மென்பொருளை என்ன மாற்றினாலும் கிடைப்பது சில சதவீதம்தான். டர்போ எஞ்சினில் உள்ளே போகும் காற்றின் அளவே இசியு என்னும் கணினியில் எழுதப்பட்ட ஓர் எண். டர்பைனைச் சுற்றி வாயுவை வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவை இன்னும் கொஞ்சம் மூடிவைத்தால் புகைப்போக்கு வாயு அதிகமாக டர்பைன் வழியே போகும், கம்ப்ரெஸர் வேகமாகச் சுழலும், பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேல் டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஏறும். உதாரணத்துக்கு 0.9 பார் பூஸ்டை 1.2 பார் ஆக்கினால், வளிமண்டலத்தையும் சேர்த்து 1.9 பார் 2.2 பார் ஆகிறது. அதாவது ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் அழுத்தம். வெப்பநிலை ஏறாமல் பார்த்துக்கொண்டால் காற்றும் அதே அளவு கூடும். காற்றுக்கு ஏற்ப எரிபொருளும் சேர்ந்தால் திறனும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில் 'பார்த்துக்கொண்டால்', 'சேர்ந்தால்' என இரண்டு 'ஆல்' வருகின்றன. ட்யூனிங்கின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2998 சிசி, வரிசையாக 6 சிலிண்டர், ஒரே ஒரு ட்வின் ஸ்க்ரோல் டர்போ. 2015-இல் 340ஐ காரில் 326 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 450 நியூட்டன் மீட்டரோடு அறிமுகமானது. 2019-இல் டொயோட்டா சுப்ராவுக்குள்ளும் போனது. நம் ஊரோடும் அதற்கு ஓர் உறவு உண்டு: 2021 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த எம்340ஐ இதே எஞ்சினோடு, சென்னையை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டப்படுகிறது.

முதலில் டார்க் வரைபடம்

கையிருப்பைத் தேட முதலில் பார்க்கவேண்டியது உச்ச குதிரைத்திறனை அல்ல, டார்க் (சுழற்றும் விசை) வரைபடத்தின் வடிவத்தை. எம்340ஐ-யின் ஐரோப்பிய அறிவிப்பு 374 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர். அந்த 500 ஏறத்தாழ 1900 ஆர்பிஎம் தொட்டு 5000 வரை மேசைப்பலகை போலத் தட்டையாக நிற்கிறது. இயற்கையாக எந்த எஞ்சினும் இப்படிச் சுவாசிக்காது. அதன் டார்க் மலைபோல ஏறி இறங்கும். தட்டையாக இருக்கிறதென்றால், எஞ்சினால் அதற்கு மேல் தரமுடிந்தும் இசியு வெட்டி நிறுத்துகிறது என்று பொருள். தட்டை எவ்வளவு நீளமோ, நடு ஆர்பிஎம்மில் கையிருப்பு அவ்வளவு தாராளம்.

வலதுபக்கக் கடைசியையும் பாருங்கள். 374 பிஎஸ் 6500 ஆர்பிஎம் வரை நீடிக்கிறது. பிஎஸ் என்பது ஏறக்குறைய 0.7355 கிலோவாட், எனவே இது 275 கிலோவாட். டார்க் வேண்டுமென்றால் கிலோவாட்டை 9549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்கவேண்டும். 6500-இல் 404 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஐந்தாயிரத்தில் 500 இருந்தது, 6500-இல் 404. அந்த 404-ஐ 460 ஆக்கினால், வேறெதையும் தொடாமல் அதே ஆர்பிஎம்மில் 425 பிஎஸ் கிடைத்துவிடும். நல்ல ட்யூனர் கைவைக்கும் இடம் இதுதான். 2000 ஆர்பிஎம்மில் 650 நியூட்டன் மீட்டர் ஏற்றிக்காட்டி, 'சீட்டோடு ஒட்டவைக்கிறது பார்' என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் குறைந்த வேகத்தில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, அழுத்தம் நீண்ட நேரம் உள்ளேயே நிற்கிறது. தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களைப் பிடித்த இந்த நோயை எல்எஸ்பிஐ என்பார்கள். ஒரே ஒரு முறை வலுவாக நடந்தாலும் பிஸ்டன் விளிம்பு உடையலாம், கனெக்டிங் ராட் வளையலாம்.

ஆர்பிஎம் எல்லையைக் கூட்டினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பி58-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் பயணிக்கும் நீளம்) 94.6 மி.மீ. நீளமான ஸ்ட்ரோக். 6500 ஆர்பிஎம்மிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20.5 மீட்டர், 7000-இல் 22 மீட்டரைத் தாண்டும். ஸ்டாக் டர்போவும், அதாவது ஆலையில் பூட்டிய டர்போவும், அந்த உயரத்தில் மூச்சுவாங்க ஆரம்பித்துவிடும். எனவே இந்த எஞ்சினில் ஆர்பிஎம்மைத் துரத்துவது வீண்.

உள்ளே இருக்கும் இரும்பும் அலுமினியமும்

அழுத்தம் கூடினால் அதைத் தாங்குவது பிளாக், கிராங்க், ராட், பிஸ்டன் ஆகிய நான்கும்தான். பி58-இன் அலுமினிய பிளாக் மூடிய டெக் வகை: சிலிண்டர் சுவர்களின் மேல்விளிம்பைச் சுற்றித் தண்ணீர்ப் பாதை திறந்து கிடக்காமல், உலோகம் மேலே இணைத்துப் பிடித்திருக்கும். இதனால் அதிக அழுத்தத்தில் சிலிண்டர் அசைந்து ஹெட் காஸ்கெட் கசிவது குறைகிறது. கிராங்க் ஷாஃப்ட் ஃபோர்ஜ் செய்த எஃகு. உட்புறத்தைத் தொடாத பி58-கள், பெரிய டர்போவோடு 700 குதிரைத்திறனைத் தாண்டி ஓடியிருப்பது ட்யூனிங் உலகில் தெரிந்த விஷயம். அந்த அளவில் ஆயுள் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. ஆனால் 450-இல் நின்றுகொள்பவருக்கு பிளாக்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது மட்டும் உறுதி.

புதிய எஞ்சின், அதிகத் திறன், ஆகவே அதிகக் கையிருப்பு என்று நினைத்துவிடக்கூடாது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ்-இல் 2019-இல் வந்த எம்139 எஞ்சினைப் பாருங்கள். 1991 சிசி, 4 சிலிண்டர், 421 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர். அதுவும் மூடிய டெக், அதுவும் ஃபோர்ஜ் செய்த பாகங்கள். ஆனால் ஒரு லிட்டருக்கு எவ்வளவு டார்க் என்று வகுத்துப் பாருங்கள்: எம்139-இல் 251 நியூட்டன் மீட்டர், பி58-இல் 167. ஒவ்வொரு எரிப்பிலும் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் இந்த எண்ணோடு நேர்விகிதத்தில் போகும். எம்139-இன் கையிருப்பில் பெரும்பகுதியை ஆலையே எடுத்துச் செலவழித்துவிட்டது. பி58-இல் அது இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஷோரூம் கையேட்டிலிருந்து இரண்டு எண்ணை எடுத்து வகுத்தாலே இவ்வளவு தெரிந்துவிடும்.

கம்ப்ரெஷன் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 மாடலில் அமெரிக்க சுப்ராவின் திறன் 335-இலிருந்து 382 குதிரைத்திறனுக்கு உயர்ந்தபோது, டொயோட்டா வெறும் மென்பொருளை மாற்றவில்லை. பிஸ்டனை மாற்றி விகிதத்தை 11-இலிருந்து 10.2-க்குக் குறைத்தார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 2 வாய்களுக்குப் பதில் 6 வாய்கள் வந்தன. விகிதம் குறைந்தால் நாக் (கலவை தானாக வெடிக்கும் கோளாறு, கீழே விரிவாக) வராமல் இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏற்றமுடியும். அதனால் பழைய சுப்ராவையும் புதிய சுப்ராவையும் ஒரே எஞ்சின் என்று எண்ணி, ஒன்றுக்கு எழுதிய மேப்பை (இசியுவில் ஏற்றும் எண் அட்டவணைகளை) மற்றதில் ஏற்றுவது பெரிய தவறு.

நாக்தான் எல்லைக்கல்

தீப்பொறிக்குப் பின் எரிப்பு ஓர் அலைபோலப் பரவவேண்டும். அலை போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை, வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் வெடித்தால் அது நாக். பூஸ்ட் ஏறினால் நாக் நெருங்கும். காற்று சூடானாலும் நெருங்கும். எரிபொருளின் ஆக்டேன் கூடினால் விலகும். நாக் சென்சார் கேட்டவுடன் இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். டைமிங் பின்னே போனால் திறன் போகும், புகைப்போக்கு வெப்பம் ஏறும், டர்பைனும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வேகும்.

ஆகவே ட்யூன் செய்யுமுன் முடிவு செய்யவேண்டியது, ஆண்டு முழுக்க எந்தப் பெட்ரோல் கிடைக்கும் என்பதை. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தது; ஆனால் எல்லா பங்கிலும் இல்லை. சென்னையில் 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்போடு இராமநாதபுரம் பக்கம் போய்ச் சாதாரண பெட்ரோல் நிரப்பினால், இசியு டைமிங்கை இழுத்து இழுத்துச் சமாளிக்கும். முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சமாளிக்க முடியாமலும் போகலாம். இரண்டு மேப் எழுதி வாங்குங்கள்: அன்றாடத்துக்கு 95 ஆக்டேன், ஓட்டப்பந்தயப் பாதைக்கு 100. ஒரே ஒரு மேப்தான் தருவேன் என்றால் 95-க்கு எழுதியதே போதும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பயமும் புகழ்ச்சியும் சரிபாதி பரவியிருக்கின்றன. எத்தனால் நாக் வராமல் நன்றாகவே தடுக்கும். ஆனால் தூய பெட்ரோலில் ஒரு கிலோ எரிபொருளுக்கு 14.7 கிலோ காற்று போதுமான விகிதம் என்றால், எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதக் கலவையில் இது 13.5 அருகே இறங்குகிறது. அதே காற்றுக்கு எடையில் 8 முதல் 9 சதவீதம் அதிக எரிபொருளை இன்ஜெக்டர் தள்ளவேண்டும். ஸ்டாக் நிலையில் இது ஒன்றுமில்லை. கையிருப்பின் விளிம்பில் நிற்கும் பம்புக்கு அந்த 8 சதவீதமே கழுத்தைப் பிடிக்கும்.

வெப்பமும் உயரமும்

சென்னையில் மே மாத மதியம் 40 டிகிரி. 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. அதை 2 பார் மொத்த அழுத்தத்துக்கு அமுக்கினால், 75 சதவீதத் திறமையுள்ள கம்ப்ரெஸரில் காற்று ஏறக்குறைய 130 டிகிரியில் வெளியே வரும். 2.3 பாருக்குத் தள்ளினால் 150 டிகிரி. அங்கே கம்ப்ரெஸரின் திறமையும் 65 சதவீதமாக இறங்கிவிட்டால் 170-ஐ நெருங்கும். டர்போவை அதன் சௌகரிய எல்லைக்கு அப்பால் விரட்டினால் காற்றைவிட வெப்பத்தைத்தான் அதிகம் வாங்குகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

அந்த வெப்பத்தை இறக்குவது இன்டர்கூலர். பி58-இல் அது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும், தண்ணீரால் குளிரும் வகை. காற்றுப் பாதை குறுகியதால் ரெஸ்பான்ஸ் அருமை. ஆனால் ஒரு முழு இழுப்பில் (ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும் ஓர் ஓட்டத்தில்) தண்ணீர் வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். அடுத்தடுத்து நான்கைந்து இழுப்பு கொடுத்தால் முன்பக்க ரேடியேட்டர் அதை வெளியேற்றத் திணறும். முதல் சுற்றில் பறந்த கார் மூன்றாவது சுற்றில் சோம்புவது இதனால்தான். பாதை ஓட்டத்துக்குப் போகிறவர் பூஸ்டுக்கு முன் செலவழிக்கவேண்டியது அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு. அதைப் பூட்டும்போது காற்றுக் குமிழ் சிக்கினால் பழைய நிலையைவிட மோசமாகும். பேட்டரி சார்ஜரை இணைத்துவிட்டு, மின்பம்பை ஓடவைத்து, அந்த மாடலுக்கான முறைப்படி முழுவதும் ப்ளீட் செய்யவேண்டும், அதாவது காற்றை வெளியேற்றவேண்டும்.

மலையேற்றத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.78 பார். கடற்கரையில் 2 பார் எட்ட டர்போ 2 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் அதே 2 பாருக்கு 2.6 மடங்கு அமுக்கவேண்டும், டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். நிறுவனம் டர்போ வேகத்தில் விட்டுவைத்த கையிருப்பு இதற்காகத்தான். கடற்கரையிலேயே அதைச் செலவழித்த மேப், மலையில் டர்போவை அதிவேகத்துக்குத் தள்ளி பேரிங்கைத் தின்னும். உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட் இலக்கைக் குறைக்கும் அட்டவணையை அப்படியே வைத்திருக்கிறீர்களா என்று ட்யூனரிடம் நேராகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பூஸ்ட் ஏறியதும் தலைகாட்டும் பலவீனங்கள்

மென்பொருள் மட்டும் மாற்றும் ஸ்டேஜ் 1-இல் பி58 ஏறத்தாழ 430 முதல் 460 பிஎஸ் தருகிறது. இந்த அளவில் முதலில் குறைசொல்வது ஸ்பார்க் பிளக். அழுத்தம் கூடிய கலவையில் பொறி தாண்டத் திணறி மிஸ்ஃபயர் வரும், முழு இழுப்பில் ஓர் உதறல். ஒரு படி குளிர்ந்த பிளக், இடைவெளி 0.55 முதல் 0.60 மி.மீ., 20 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றம். இது போதும்.

அடுத்தது டர்போ அமுக்கிய காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் சார்ஜ் பைப். வெடித்தால் 'பஸ்' என்று சத்தம், பூஸ்ட் மொத்தமும் காணாமல் போகும். எஞ்சின் கெடாது, டோ வண்டிதான் வரவேண்டும். அலுமினியக் குழாயை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

பிறகு உயர் அழுத்த எரிபொருள் பம்ப். மேம்படுத்தப்பட்ட பி58-இல் இன்ஜெக்‌ஷன் அழுத்தம் 350 பார். முதல் தலைமுறையில் 200 பார். பம்ப் தோற்கும்போது 5500 ஆர்பிஎம்முக்கு மேல் ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயின் அழுத்தம்) இலக்கைவிட்டுச் சரியும், கலவை மெலியும். மெலிந்த கலவையும் முழு பூஸ்டும் ஒன்றுசேர்ந்தால் பிஸ்டன் உருகும். இந்த வரிசையில் மன்னிப்பே இல்லாதது இது ஒன்றுதான்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் 8எச்பி குடும்பம், வலுவானது. ஆனால் அதற்கும் தனிக் கணினி, தனி டார்க் எல்லை உண்டு. எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டு டிரான்ஸ்மிஷனைத் தொடாவிட்டால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் கியர்பாக்ஸ் டார்க்கை வெட்டும், அல்லது கிளட்ச் அழுத்தம் போதாமல் வழுக்கும். 600 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதாக இருந்தால் இரண்டு கணினிக்கும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

செய்யும் வரிசை

இசியுவில் கைவைக்கும் முன், ஸ்டாக் நிலையிலேயே லாக் (சென்சார் எண்களின் பதிவு) எடுங்கள். எஞ்சின் ஆயில் 90 டிகிரியைத் தொடட்டும். மேனுவல் மோடில் 4-ஆம் கியர், 2500 ஆர்பிஎம்மிலிருந்து 6500 வரை ஒரே முழு இழுப்பு. இதைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள். டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் உருளை மேடை), அல்லது இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி போன்ற மூடிய பாதையில். ஆர்பிஎம், பூஸ்ட் இலக்கு, உண்மையான பூஸ்ட், இன்டேக் வெப்பம், ஆறு சிலிண்டரின் டைமிங் திருத்தம், லாம்ப்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவீடு; 1-க்குக் கீழே என்றால் எரிபொருள் அதிகம்), ரெயில் அழுத்தம், வேஸ்ட்கேட் நிலை ஆகிய எட்டும் பதிவாகவேண்டும்.

ஸ்டாக்கிலேயே பூஸ்ட் இலக்கை எட்டவில்லை என்றால் எங்கோ கசிவு. அதைச் சரிசெய்யாமல் மேப் ஏற்றினால், டர்போ கசிவையும் சேர்த்து ஈடுகட்டச் சுழலும். பிறகு மேப் ஏற்றி, அதே கியர், அதே நேரம், அதே பெட்ரோல். ஒரு சிலிண்டரில் எப்போதாவது 1 அல்லது 2 டிகிரி திருத்தம் வருவது சகஜம். பல சிலிண்டரில், ஒவ்வொரு இழுப்பிலும் 3 டிகிரிக்கு மேல் இழுத்தால் மேப் அந்தப் பெட்ரோலுக்கு அதிகம். பூஸ்டை இறக்கச் சொல்லுங்கள். முழுச் சுமையில் லாம்ப்டா 0.80-களில் நிற்கவேண்டும், 0.9-ஐத் தாண்டி மெலிந்தால் காலை எடுங்கள். ரெயில் அழுத்தம் சரிந்தாலும் அப்படியே. வேஸ்ட்கேட் முழுக்க மூடியும் இலக்கு பூஸ்ட் வரவில்லை என்றால் டர்போ தன் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை.

ஆயில் மாற்றும் இடைவெளியை 7000 முதல் 8000 கிலோமீட்டருக்குக் குறையுங்கள். 2020 நடுவில் பிஎம்டபிள்யூ தன் இசியு பூட்டைக் கடினமாக்கியது. அதற்குப் பிந்தைய கார்களில் ஓபிடி துளை (சோதனைக் கருவியைச் செருகும் இடம்) வழியே மட்டும் எழுதிவிட முடியாமல், இசியுவைத் திறந்தாகவேண்டிய நிலை பொதுவாக வருகிறது. மூலக் கோப்பை முழுதாகப் படித்து உங்கள் கையில் ஒரு பிரதி தராதவரிடம் இசியுவைக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் உத்தரவாதமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடும் டவுன்பைப்பை (டர்போவுக்கு அடுத்த புகைக் குழாயை)ச் சாலைக்கு ஓட்டும் காரில் போடவே கூடாது. கிடைக்கும் 20, 30 குதிரைக்காக ஊர் மூச்சில் விடும் நச்சுக்கு எந்த நியாயமும் இல்லை. உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, சர்வீஸுக்கு முன் ஸ்டாக் மேப்பைத் திரும்ப ஏற்றினால் தெரியாது என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை இசியுவிலேயே பதிவாகிவிடக்கூடும். எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பின்னால் எது போனாலும் அந்த எண்தான் முதலில் மேசைக்கு வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் தந்த பதிலைக் காரின் ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.